பிடிபிடிஎன் கடன் எடுக்குமுன்: பினாங்குப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டில் இரண்டு பேர், உயர்கல்விக்கு அரசு தரும் பிடிபிடிஎன் கடன் பக்கம் போனோம். முதலில் நான். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த கையோடு பெருநிலத்தில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமாவுக்குச் சேர்ந்தேன். கவுண்டரில் நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். எவ்வளவு கடன், எத்தனை வருடம், மாதம் எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. மூன்றாம் செமஸ்டரில் கட்டணப் பாக்கி 2,100 வெள்ளி (ரிங்கிட்) என்று தேர்வு மண்டபத்துக்குள் விட மறுத்தார்கள். "கடன்தான் எடுத்தோமே, பாக்கி எங்கிருந்து வந்தது?" என்று அப்பா திகைத்து நின்றார். மறுநாள் காலை அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது.

ஏழு வருடம் கழித்துத் தம்பியின் முறை வந்தது. இந்த முறை சமையலறை மேசையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்து, ஒவ்வொரு வெள்ளியாகக் கணக்குப் போட்டோம். அந்த நோட்டில் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிறையிலோ புக்கிட் மெர்தாஜாமிலோ ஜோர்ஜ்டவுனிலோ இப்போது எஸ்பிஎம் ரிசல்ட்டோடு ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் கல்லூரிக்குப் போங்கள்.

1. முதலில் படிப்பைப் பாருங்கள்

பிடிபிடிஎன் எல்லாப் படிப்புக்கும் கடன் தராது. படிப்பு, மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏவின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். எம்கியூஏவின் இணையப் பதிவேட்டில் எவரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. மூன்றைச் சரிபாருங்கள். படிப்பின் முழுப் பெயர், எழுத்துக்கு எழுத்து. கல்லூரியின் பெயரோடு எந்த வளாகம் என்பது. அங்கீகாரம் எந்தத் தேதி வரை என்பது. ஒரே கல்லூரிக்குக் கோலாலம்பூரில் ஒரு வளாகமும் பினாங்கில் ஒரு வளாகமும் இருக்கும். அங்கே அங்கீகாரம் இருப்பதால் இங்கேயும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

பதிவெண்ணில் "எஃப்ஏ" என்று இருந்தால் முழு அங்கீகாரம், "பிஏ" என்று இருந்தால் தற்காலிக அங்கீகாரம். தற்காலிகம் என்றாலே மோசடி என்று பொருள் இல்லை, புதிய படிப்புகள் அப்படித்தான் தொடங்கும். ஆனால் அப்படி இருந்தால், இந்த மாணவர் சேர்க்கைக்குப் பிடிபிடிஎன் உண்டா என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் பதிலாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்கேஎம் போன்ற திறன் சான்றிதழ்ப் படிப்புக்குப் போகிற பிள்ளைக்குப் பிடிபிடிஎன் பொருந்தாது. அதற்கு மனிதவள அமைச்சின் கீழ் பிடிபிகே என்ற வேறு நிதி இருக்கிறது. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால், தப்பான கவுண்டரில் வரிசை பிடித்து ஒரு நாள் வேலையை இழந்தவர்கள் எங்கள் தாமானிலேயே இருக்கிறார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். "சேர்ந்தால் லேப்டாப் இலவசம்", "பதிவுக் கட்டணம் தேவையில்லை, இன்றே ஐசி கொடுங்கள்" என்று வரும் ஏஜென்டுகளிடம் அடையாள அட்டையான ஐசியின் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள். தம்பியிடமும் ஒருவர் வந்தார். "அக்கா, லேப்டாப் சும்மா தராங்களாம்" என்று அவன் ஓடி வந்தபோது, அந்தக் கல்லூரியின் கட்டணப் பட்டியலை வாங்கி வரச் சொன்னேன். பக்கத்துக் கல்லூரியில் இருக்கும் அதே படிப்பைவிட 3,000 வெள்ளி கூடுதல். லேப்டாப்புக்கான பணத்தை அவன்தான் கடனாகக் கட்டியிருப்பான்.

2. இரண்டு கணக்குப் போடுங்கள்

இதுதான் முக்கியம். மற்றப் படிகளில் தவறு நடந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம், இதில் திருத்த முடியாது.

முதல் கணக்கு, படிக்கும் காலத்துக்கானது. கடன் தொகையைத் தீர்மானிப்பது கல்லூரிக் கட்டணம் அல்ல. படிப்பின் நிலை, அரசுக் கல்லூரியா தனியாரா என்பது, குடும்ப வருமானம் ஆகிய மூன்றும்தான். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தப் படிப்புக்குரிய உச்சத் தொகை முழுதும் கிடைக்கும். நடுத்தர வருமானம் என்றால் முக்கால் பங்கு, மேல் வருமானம் என்றால் பாதி. அப்பாவுக்கு ஓவர்டைம் கூடி, அம்மாவும் ஃபேக்டரியில் வேலை பார்த்தால், வீட்டில் கஷ்டம் இருந்தாலும் தாளில் நீங்கள் நடுத்தர வருமானம்தான். அதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

தம்பி முதலில் ஆசைப்பட்டது ஒரு தனியார் கல்லூரி டிப்ளோமா. இரண்டரை வருடத்துக்குக் கட்டணம் 24,500 வெள்ளி. எங்களுக்கு முழுத் தொகை கிடைக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கில் கடன் வருடத்துக்கு 6,800 வெள்ளி. இரண்டரை வருடத்துக்கு 17,000. ஆக 7,500 வெள்ளி கைப்பணம் வேண்டும். அதற்கு மேல் பதிவுக் கட்டணம், புத்தகம், பெட்ரோல், கைச்செலவு. இப்படிப்பட்ட இடைவெளிதான் எனக்கு மூன்றாம் செமஸ்டரில் 2,100 ஆகத் தலை காட்டியது. "லோன் எல்லாத்தையும் பார்த்துக்கும்" என்று யாராவது சொன்னால், செமஸ்டர் வாரியாகக் கட்டணம் எவ்வளவு, கடனிலிருந்து கழிவது எவ்வளவு, நான் கட்ட வேண்டியது எவ்வளவு என்று மூன்று நிரலில் எழுதித் தரக் கேளுங்கள். எழுதித் தராத இடத்தில் சேராதீர்கள்.

இரண்டாவது கணக்கு, படித்து முடித்த பிறகு வருவது. பிடிபிடிஎன் வட்டி வாங்குவதில்லை. உஜ்ரா என்ற பெயரில் வருடத்துக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணம் வாங்குகிறது, முதலில் எடுத்த தொகையின் மீது சமமாக. திருப்பிக் கட்டும் காலம் கடன் தொகையைப் பொறுத்தது. 10,000 வெள்ளி வரை 5 வருடம், 22,000 வரை 10 வருடம், 50,000 வரை 15 வருடம், அதற்கு மேல் 20 வருடம்.

தம்பியின் 17,000 வெள்ளிக்கு 10 வருடம். உஜ்ரா வருடத்துக்கு 170, பத்து வருடத்தில் 1,700. மொத்தம் 18,700 வெள்ளியை 120 மாதத்தால் வகுத்தால், மாதம் 156 வெள்ளி அளவில் வருகிறது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் சேமநிதியான ஈபிஎஃப் போய், மோட்டார் தவணை போய், அறை வாடகை போய், 156 மிஞ்சுமா என்று பிள்ளையையே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவோ அக்காவோ எழுதிக் கொடுத்தால் மனத்தில் பதியாது. தம்பி எழுதினான். எழுதி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அடுத்த நாள் பெர்மாத்தாங் பாவ்வில் இருக்கும் செபராங் பிறை பாலிடெக்னிக்கைப் பற்றி அவனாகவே கேட்டான். பாலிடெக்னிக்கில் ஒரு செமஸ்டர் கட்டணம் 200 வெள்ளி. அங்கே இடம் கிடைத்தது. கடன் எடுத்தான், ஆனால் செலவுக்குத் தேவையானதை மட்டும்.

தனியாரில் படிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. சில படிப்புகள் தனியாரில்தான் கிடைக்கும். அப்போதும் இந்த இரண்டு எண்ணும் தெரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

3. திருப்பித் தரத் தேவையில்லாத பணத்தை முதலில் தேடுங்கள்

கடன் எளிதாகக் கிடைப்பதால் நம் வீடுகளில் உதவிநிதியைத் தேடுவதே இல்லை. பினாங்கில் இருப்பவர்கள் பினாங்கு இந்து அறப்பணி வாரியம் உயர்கல்வி மாணவர்களுக்குத் தரும் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். அறிவியல், தொழில்நுட்பத் துறையில் பட்டப்படிப்புக்குப் போகிற நல்ல தேர்ச்சி உள்ளவர்களுக்குப் பினாங்கு ஃபியூச்சர் ஃபவுண்டேஷன் உபகாரச் சம்பளம் இருக்கிறது. தாத்தாவோ பாட்டியோ தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் என்றால், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வைத்திருக்கிறார்களா என்று பழைய பெட்டியில் தேடிப் பாருங்கள். உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் கல்வி நிதி தருகிறார்கள். எங்கள் பாட்டியின் பங்குப் புத்தகம் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. நான் படித்தபோது அது இருப்பதே யாருக்கும் தெரியாது.

இவை எல்லாவற்றுக்கும் கெடு உண்டு, பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு முறைதான் திறக்கும். எஸ்பிஎம் ரிசல்ட் வந்த வாரமே தேதிகளை விசாரித்துக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

பெற்றோர் ஈபிஎஃப்பிலிருந்தும் எடுக்கலாம். பிள்ளையின் கல்விச் செலவுக்கு அக்காவுன் செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்க அனுமதி உண்டு. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய அப்பாவின் ஓய்வுப் பணத்தில் கை வைப்பதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். பிள்ளைக்கு முன்னால் முப்பது வருட வேலை இருக்கிறது, அப்பாவுக்கு அது இல்லை.

4. எஸ்எஸ்பிஎன் கணக்கைத் திறந்து வையுங்கள்

பிடிபிடிஎன் கடனுக்கு எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு அவசியம். தொடங்குவதற்கு 20 வெள்ளி போதும். இதில்தான் நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். பிறந்தபோது அப்பா மூத்த பிள்ளை பெயரில் ஒன்று திறந்திருப்பார், "நம்ம வீட்டில் எஸ்எஸ்பிஎன் இருக்கு" என்று நினைத்துக்கொள்வோம். கடன் எடுக்கப் போகும் பிள்ளையின் பெயரும் ஐசி எண்ணும் அந்தக் கணக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் தனியாகத் திறக்க வேண்டும்.

வருமான வரி கட்டும் பெற்றோருக்கு இன்னொரு பயன். பிள்ளைக்காக எஸ்எஸ்பிஎன்னில் போடும் பணத்துக்கு வருடத்துக்கு 8,000 வெள்ளி வரை வரிக் கழிவு உண்டு. அந்த வருடம் போட்டதிலிருந்து எடுத்ததைக் கழித்து மிஞ்சும் தொகைக்குத்தான் அது பொருந்தும். டிசம்பரில் போட்டு அதே மாதம் எடுத்துவிட்டால் கழிவு கிடைக்காது.

5. ஆவணக் கோப்பு

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி, இவற்றை இரண்டு நகலோடு வையுங்கள்.

மாணவரின் ஐசி, பிறப்புப் பத்திரம். பெற்றோரின் ஐசி. எஸ்பிஎம் சான்றிதழ், இருந்தால் எஸ்டிபிஎம் அல்லது மேட்ரிகுலேஷன் முடிவு. கல்லூரியின் ஆஃபர் லெட்டர். எஸ்எஸ்பிஎன் கணக்கு விவரம். மாணவர் பெயரிலேயே இருக்கும் வங்கிக் கணக்கு. அம்மா கணக்கு, கூட்டுக் கணக்கு எல்லாம் வேண்டாம். பெற்றோரின் சம்பளச் சீட்டு அல்லது இஏ பாரம் (முதலாளி தரும் வருடச் சம்பள விவரம்). எஸ்டிஆர் உதவித்தொகை வாங்கும் குடும்பம் என்றால் அதன் விவரம்.

சம்பளச் சீட்டு இல்லாத அப்பாக்கள் நம்மிடையே நிறையப் பேர். லாரி, சொந்தமாகப் பலகாரக் கடை, வீடு கட்டும் வேலை. அவர்களுக்கு வருமான உறுதிக் கடிதம் வேண்டும். அதில் கையொப்பமிடும் தகுதி யாருக்கு உண்டு என்பதை விண்ணப்பப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்த அண்ணன் ஒருவர் கட்சி முத்திரை போட்டுத் தருவார் என்று போகாதீர்கள். அந்தக் கடிதத்தைத் தகுதி உள்ளவர் கையால் வாங்குவதற்கே ஒரு வாரம் ஆகலாம்.

அடுத்தது பெயர். இது நம் இனத்துப் பிள்ளைகளுக்கே உரிய பிரச்சினை. மகன் என்பதற்கு ஐசியில் "ஏ/எல்" என்றும், பழைய பிறப்புப் பத்திரத்தில் "எஸ்/ஓ" என்றும், வங்கிக் கணக்கில் இரண்டும் இல்லாமலும் இருக்கும். அப்பா பெயரில் ஓரிடத்தில் ஓர் எழுத்து கூடியிருக்கும். என் வங்கிக் கணக்கில் அப்பா பெயர் பாதியிலேயே வெட்டப்பட்டிருந்தது. அதைத் திருத்துவதற்குள் முதல் செமஸ்டர் முடிந்தே போனது. அதுவரை கைமாற்று வாங்கித்தான் சாப்பிட்டேன். எல்லாமே ஐசியில் இருக்கிறபடி இருக்க வேண்டும். எஸ்பிஎம் எழுதும் வருடத்திலேயே இதைச் சரிபார்த்தால், திருத்த நேரம் இருக்கும்.

குடியுரிமையும் அப்படித்தான். பிடிபிடிஎன் மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். சிவப்பு ஐசி வைத்திருக்கும் பிள்ளைக்குக் கிடைக்காது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், பதினேழு வயதுவரை காத்திருக்காதீர்கள். குடியுரிமை விண்ணப்பம் பல வருடம் இழுக்கும், பள்ளிப் பருவத்திலேயே தொடங்க வேண்டும்.

6. விண்ணப்பமும் நேரமும்

விண்ணப்பம் பிடிபிடிஎன்னின் சொந்த இணையத்தளத்தில் செய்ய வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். நிரப்பித் தருகிறேன், 100 வெள்ளி கொடுங்கள் என்று கேட்பவரிடம் போக வேண்டியதில்லை. கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்கவும் கூடாது. வயது 45க்கு மேல் போயிருக்கக் கூடாது, படிப்புக் காலத்தில் குறைந்தது ஒரு வருடமாவது மிச்சம் இருக்க வேண்டும். "முதல் வருடம் சமாளிப்போம், கடைசியில் எடுத்துக்கொள்வோம்" என்று தள்ளிப்போட்டு வாய்ப்பை இழந்தவர்கள் உண்டு.

நிரப்பும்போது எவ்வளவு வேண்டும் என்று ஒரு கேள்வி வரும். முழுத் தொகையா, அதில் ஒரு பகுதியா, கல்விக் கட்டணத்துக்கு மட்டுமா என்று. இங்கேதான் நோட்டுப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். கிடைக்கிறதே என்று முழுவதையும் எடுக்காதீர்கள். என் வகுப்பில் முதல் தவணை வந்த வாரம் பாதிப் பேர் கையில் புதுக் கைப்பேசி இருந்தது. நானும் ஒன்று வாங்கினேன். அந்தக் கைப்பேசி இரண்டு வருடத்தில் கெட்டுப்போனது, அதற்கான தவணையை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டால் ஒப்பந்தம் வரும். அதில் கடன் மொத்தம், உஜ்ரா, தவணைக் காலம் மூன்றும் எழுதியிருக்கும். என் காலத்தில் தாள் கட்டாக வந்தது, 10 வெள்ளி முத்திரைக் கட்டணத்தோடு. தம்பிக்குப் பெரும்பகுதி இணையத்திலேயே முடிந்தது. எப்படி வந்தாலும் முழு ஒப்பந்தத்தின் நகல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். மலாய் புரியாத பெற்றோருக்குப் பிள்ளை உட்கார்ந்து ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்லட்டும். ஒரு மாலை போகும், போகட்டும்.

பதிவு நாளுக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் இடையில் இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று வைத்தே திட்டமிடுங்கள். தனியாரில் கட்டணப் பகுதி நேராகக் கல்லூரிக்குப் போகும், மிச்சம்தான் மாணவர் கணக்குக்கு வரும். அரசுப் பல்கலைக்கழகம், பாலிடெக்னிக் போகிற குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1,500 வெள்ளி முன்பணம் உண்டு. ஆஃபர் கிடைத்தவுடன், பதிவு நாளுக்கு முன்பே கேட்க வேண்டும். இது உதவித்தொகை அல்ல, கடனின் ஒரு பகுதி. முதல் தவணையில் கழித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அந்த 1,500தான் பதிவுக் கட்டணமும் மெத்தையும் வாளியும் ஆனது.

7. படிக்கும்போது

சராசரிப் புள்ளி 2.00க்குக் கீழே போனால் அடுத்த தவணை நின்றுவிடும். கல்லூரி மாறினாலும் படிப்பு மாறினாலும் ஒரு செமஸ்டர் லீவு எடுத்தாலும், கல்லூரியிடம் சொன்னால் போதாது, பிடிபிடிஎன்னுக்கும் தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும்.

பாதியில் படிப்பை விட்டாலும் வாங்கிய கடன் அப்படியே இருக்கும். "சர்டிஃபிகேட்டே வாங்கல, எதுக்குக் கட்டணும்?" என்று கேட்கும் தம்பிமார்களை எனக்குத் தெரியும். கட்டத்தான் வேண்டும். நிற்பதென்று முடிவெடுத்துவிட்டால் செமஸ்டர் தொடங்குமுன் எழுத்தில் விலகுங்கள். வகுப்புக்குப் போகாமல் பெயரை மட்டும் விட்டுவைத்தால், அந்தச் செமஸ்டர் கட்டணமும் உங்கள் கடனில் ஏறும்.

கல்லூரி சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று என்றால் பயந்து ஒதுங்காதீர்கள். ஜோர்ஜ்டவுனில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசலாம், கடிதம் எழுத உதவுவார்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே போடலாம், மூன்று வருடத்துக்குள். இதற்கெல்லாம் ரசீதும் எழுத்தில் வந்த பதில்களும் வேண்டும். அதனால்தான் ஆரம்பத்திலிருந்து எழுத்து, எழுத்து என்று சொல்லிக்கொண்டே வருகிறேன்.

8. படிப்பு முடிந்த முதல் 12 மாதம்

தவணை, படிப்பு முடிந்து 12 மாதம் கழித்துத் தொடங்கும். இந்த ஒரு வருடத்தில் செய்ய வேண்டியதைச் செய்யாமல்தான் நான் விழுந்தேன்.

வேலை கிடைத்துப் பாயான் லெப்பாஸில் அறை எடுத்துப் போனேன். கைப்பேசி எண்ணும் மாறியது. கடிதங்கள் பிறையில் இருந்த பழைய வாடகை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன, அந்த வீட்டை நாங்கள் எப்போதோ காலி செய்துவிட்டோம். அழைப்பு வராததால் இன்னும் கட்டச் சொல்லவில்லை என்று இருந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்துக் கார் கடனுக்குப் போனபோது வங்கி அதிகாரி கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். பேங்க் நெகாராவின் கடன் பதிவேடான சிசிஆர்ஐஎஸ் அறிக்கையில் என் பெயருக்கு நேரே வரிசையாகப் பாக்கி மாதங்கள். கார் கடன் கிடைக்கவில்லை.

ஆகவே கடைசித் தேர்வு முடிந்த மாதமே பிடிபிடிஎன் கணக்கில் நுழைந்து முகவரி, கைப்பேசி எண், மின்னஞ்சல் மூன்றையும் புதுப்பியுங்கள். கடன் மொத்தம் உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முதல் தவணைத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை கிடைத்தவுடன் சம்பளப் பிடித்தத்துக்கோ வங்கியின் நேரடிப் பற்றுக்கோ எழுதிக் கொடுத்துவிடுங்கள். கையில் வந்து, பிறகு கட்டுகிற பணம் பாதி மாதங்களில் கட்டப்படாது.

இளங்கலைப் பட்டத்தில் முதல் வகுப்பு எடுத்தவர்களுக்குக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு உண்டு, நிபந்தனைகளோடு. அது தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும், கெடுவும் உண்டு. பட்டமளிப்பு முடிந்த வாரமே போடுங்கள். டிப்ளோமாவுக்கு இந்த விலக்கு இல்லை.

மேற்படிப்புக்குப் போகிறவர்களும் தவணையை ஒத்திவைக்க விண்ணப்பிக்க வேண்டும். "நான்தான் இன்னும் படிக்கிறேனே" என்று சும்மா இருந்தால் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

9. கட்ட முடியாத நிலை வந்தால்

வேலை போகலாம், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகலாம். அப்போது ஒளிவதுதான் மிகப் பெரிய தவறு. ஒத்திவைப்பும் உண்டு, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டும் மறுசீரமைப்பும் உண்டு. நான் மறுசீரமைப்புக்குத்தான் போனேன். சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, அப்பாவின் மருத்துவமனைத் தாள் மூன்றையும் எடுத்துக்கொண்டு, திட்டு வாங்கப் போகிறோம் என்ற நடுக்கத்தோடு கவுண்டரில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மாதம் எவ்வளவு உங்களால் தவறாமல் கட்ட முடியும்?" பெருமைக்காகப் பெரிய தொகை சொல்லாதீர்கள். கட்டக்கூடியதைச் சொல்லி, அதை ஒரு மாதமும் தவறாமல் கட்டுங்கள்.

"இப்போதான் வெளிநாட்டுப் பயணத் தடை இல்லையே, என்ன செய்துவிடுவார்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். அந்தத் தடை 2018இல் நீக்கப்பட்டது உண்மைதான். கடன் நீக்கப்படவில்லை. சிசிஆர்ஐஎஸ் பதிவு வீட்டுக் கடன் கேட்கும் நாளில் முன்னால் வந்து நிற்கும், வழக்கறிஞர் கடிதமும் வரலாம். அதைவிட, இப்போது சேரும் பிள்ளைகளுக்குப் போகும் பணம் நாம் திருப்பிக் கட்டும் பணத்திலிருந்தும் வருகிறது. தம்பிக்கு வந்த 1,500 வெள்ளியை யாரோ ஓர் அக்கா கட்டியிருப்பாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கையில் மொத்தமாகப் பணம் சேர்ந்தால், பட்ஜெட் நேரத்தில் பிடிபிடிஎன் அறிவிப்புகளைக் கவனியுங்கள். முழுவதும் கட்டி முடிப்பவர்களுக்கும் குறைந்தது பாதி கட்டுபவர்களுக்கும் தள்ளுபடி அறிவித்த வருடங்கள் உண்டு. ஆனால் தள்ளுபடி வரட்டும் என்று மாதத் தவணையை நிறுத்தி வைக்காதீர்கள். ஈபிஎஃப்பின் அக்காவுன் செஜாத்ராவிலிருந்து எடுத்தும் உங்கள் சொந்தக் கல்விக் கடனைக் கட்டலாம். அந்தக் கணக்கில் இருப்பதை முதலில் பாருங்கள், வீடு வாங்கும் திட்டம் இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள்.

10. கட்டி முடித்தவுடன்

கடைசித் தவணை போனதும் மீதி பூஜ்யம் என்று திரையில் தெரிந்தால் போதாது. கடன் தீர்ந்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். சம்பளப் பிடித்தம் போட்டிருந்தால் கம்பெனியிடம் அந்தக் கடிதத்தின் நகலைக் கொடுத்து நிறுத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதமும் பிடிப்பார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து பேங்க் நெகாராவின் இ-சிசிஆர்ஐஎஸ்ஸில் உங்கள் அறிக்கையை இலவசமாக எடுத்து, அந்தக் கடனின் பதிவு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கடிதத்தை அதே பிளாஸ்டிக் கோப்பில், ஒப்பந்தத்துக்கு மேலே வையுங்கள். எனக்கு இன்னும் பதினோரு தவணை இருக்கிறது. கோப்பில் அதற்கான இடத்தை விட்டு வைத்திருக்கிறேன்.